அண்ணனைத் தெரிந்த இரண்டு பேர்

என் அண்ணன் தன் பங்கு வீட்டை எனக்கு எழுதித் தரப்போகிறார் என்பதை முதலில் எனக்குச் சொல்லவில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குச் சொன்னார். துறைமுக அலுவலகத்தில் மத்தியானச் சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு நான் அதைப் படித்தேன். அம்மாவின் நினைவாகத் தன் பங்கைத் தங்கச்சிக்கே கொடுத்துவிட முடிவு செய்திருப்பதாகவும் தனக்கு எதுவும் வேண்டாம் என்றும் எழுதியிருந்தார். கீழே கூப்பிய கைகள் வரிசையாக வந்து விழுந்துகொண்டிருந்தன. கனடாவில் இருக்கும் சின்னம்மா அழுதழுது ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தார். நானும் கூப்பிய கையொன்றை அனுப்பினேன். அனுப்பாவிட்டால் பொழுதுபடுவதற்குள் நாலு பேர் போன் எடுத்து என்ன கோபம் என்று கேட்பார்கள்.

எனக்கு அந்த வீடு வேண்டும். அதை மறைக்கப்போவதில்லை. நாலு அறையும் ஒரு குசினியும் ஒழுகும் கூரையும் உள்ள வீடு. அம்மா உயிரோடு இருக்கும்போதே எங்கள் இருவர் பேரிலும் எழுதி வைத்துவிட்டுப் போனார். நான் அதில் பிறந்து அதிலேயே நாற்பத்தெட்டு வயதுக்கு வந்திருக்கிறேன். அண்ணன் பத்தொன்பது வயதில் லண்டன் போனவர், பிறகு ஊர்ப்பக்கம் வரவேயில்லை. அம்மா கடைசி நாலு வருடம் படுக்கையில் கிடந்தார். அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் வந்து, “போனைக் கொஞ்சம் சரிச்சுப் பிடி, அம்மாவின்ட முகத்தில வெளிச்சம் காணாது” என்பார். நான் சரித்துப் பிடிப்பேன். “அம்மா, கையை ஆட்டுங்கோ” என்பார். அம்மா ஆட்டுவார். அத்தோடு அந்த வாரத்துக்கான மகன் கடமை முடிந்துவிடும்.

செய்தி வந்து மூன்று வாரத்தில் தடித்த கடித உறையொன்று வந்தது. உள்ளே ஆங்கிலத்தில் நாலு பக்கம், சிவப்பு முத்திரை, பச்சை ரிப்பன். அங்கே ஒரு நொத்தாரிசு முன்னால் கையெழுத்திட்டு அனுப்பியிருந்தார். தனக்குப் பதிலாகக் கையெழுத்திடும் அதிகாரத்தை ஒருவருக்குக் கொடுக்கும் அற்றோணித் தத்துவக் கடதாசி அது. அந்த ஒருவர் நான்தான்.

அரைநாள் லீவு போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் பக்கத்துச் சந்தில் மாடியில் இருந்து வீடு, காணிக்கு உறுதிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசிடம் போனேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண். பேசும்போது நிமிர்ந்து பார்க்கமாட்டார். எதிலாவது கையெழுத்து வைத்துக்கொண்டேதான் பேசுவார். எனக்கு முன்னால் மூன்று பேர் இருந்தார்கள். வீட்டில் இருக்கும் மனைவிக்காகத் தான் கையெழுத்து வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். ஏலாது என்றார். உறுதியில் போன மாதத் திகதியைப் போட்டுத் தர முடியுமா என்று இன்னொருவர் கேட்டார். ஏலாது என்றார். காணிச் சொந்தக்காரர் இல்லாமல் போட்டோக் கொப்பியில் சும்மா ஒரு சீல் குத்தித் தந்தால் போதும் என்று மூன்றாவது ஆள் சொன்னபோது அவர் பேனையை மூடி வைத்துவிட்டு, “சீல் குத்தத்தான் நான் இவ்வளவு படிச்சனானா?” என்று கேட்டார். எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போய்விட்டது.

அண்ணனுடைய கடதாசியை ஒரு விரலால் புரட்டினார்.

“இதில உங்கட அண்ணா உங்களுக்கு அதிகாரம் தந்திருக்கிறார். அவருக்காக நீங்க கையெழுத்து வைச்சு வீட்டைக் குடுக்கலாம். சரி. ஆருக்குக் குடுக்கப் போறீங்க?”

“எனக்குத்தான் மிஸ்.”

“நீங்களே குடுத்து நீங்களே வாங்குவீங்களா?”

அந்தப் பெண் ரிப்பனைச் சுண்டிப் பார்த்துவிட்டுக் கடதாசியைத் திருப்பித் தந்தார். இதை வைத்து இந்த உறுதியை எழுத மாட்டேன் என்றார். ஒன்றில் வேறொருவருக்கு அதிகாரம் கொடுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் அவரையே வரச் சொல்லுங்கள் என்றார்.

இதைச் சொன்னதும் அண்ணன் லண்டனிலிருந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் நன்றாக அறிவேன். ஊரில் மின்சாரம் நின்றால், பஸ் பிந்தினால், யாராவது செத்தால்கூட அவர் முதலில் அப்படித்தான் சிரிப்பார்.

“உங்க ஒருத்தருக்கும் ஒண்டும் விளங்காது. இஞ்ச எல்லாம் ஒன்லைன். நான் வீடியோவில வாறன், அவ பார்க்க நான் கையெழுத்து வைக்கிறன். கேட்டுப் பார்.”

கேட்டேன். நொத்தாரிசு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கொடுப்பவர், ஏற்பவர், சாட்சி இரண்டு பேர், தான், ஐந்து பேரும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும் என்றார்.

“அப்ப மார்க்கெட்டடியில ஒரு ஜேபி இருப்பாரே, அவரிட்டக் குத்தி எடு” என்றார் அண்ணன். “சீல்தானே.”

ஜேபி, அதாவது சமாதான நீதவான், பிரதிகளை உறுதிப்படுத்தலாம், சத்தியக் கடதாசியில் கையெழுத்து வைக்கலாம். காணி உறுதி முடிக்க முடியாது என்று அந்தப் பெண் எனக்குச் சொன்னதை அப்படியே ஒப்புவித்தேன். அண்ணன் போனை வைத்துவிட்டார். இரண்டு நாள் கழித்துக் குழுவில் வேறொரு செய்தி வந்தது: தங்கச்சிக்காக விமானம் ஏறுகிறாராம். மறுபடியும் கூப்பிய கைகள்.

தை மாதம் வந்தார். வீட்டில் ஏசி இல்லை என்று உப்புவெளிக் கடற்கரையில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் தங்கினார். காலையில் ஓட்டோவில் வந்து இறங்கி, வாசலில் நின்றபடியே வீட்டைச் சுற்றிப் பார்த்தார். ‘இதைப் போய் ஒருத்தி ஆசைப்படுகிறாளே’ என்ற பார்வை. முற்றத்துக்குள் வந்து குப்பையைக் கிளறிக்கொண்டிருந்த, இங்கே தெருவெல்லாம் திரியும் மான்களில் ஒன்றைப் படம் எடுத்தார். அம்மா கிடந்த அறைக்குள் போய்ச் சுவிட்சைப் போட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். அவ்வளவுதான்.

நொத்தாரிசு அறையில் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, தான் செய்யவிருக்கும் தியாகத்தைப் பத்து நிமிடம் விளக்கினார். அந்தப் பெண் எழுதிக்கொண்டே கேட்டார். அடையாள அட்டை, பழைய உறுதி, காணிப் படம் எல்லாம் நான் கொண்டுபோயிருந்தேன். அண்ணன் கடவுச்சீட்டை மட்டும் கொண்டுவந்திருந்தார். பேச்சு முடியும் தறுவாயில், வெளியே போகப் பெட்டியை எடுப்பதுபோலச் சாதாரணமாகக் கேட்டார்:

“பிறகு ஒரு தேவை எண்டு வந்தா, குடுத்ததைத் திருப்பி எடுக்கேலும்தானே?”

நான் பக்கத்தில்தான் இருந்தேன். கூட்டிப் பெருக்கும் ஆளுக்கு முன்னால் வீட்டுக் கதை பேசுவதுபோலப் பேசினார்.

நொத்தாரிசு முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். அவரை இல்லை, என்னை.

“ரெண்டு விதமா எழுதலாம். மீளப்பெறத்தக்க நன்கொடை எண்டு எழுதினா, நினைச்ச நேரம் இன்னொரு உறுதி முடிச்சு இவர் எடுத்துப்போடலாம். மீளப்பெற முடியாதது எண்டு எழுதினா, கோர்ட்டுக்குப் போய், வாங்கினவர் பெரிய நன்றிகேடு செய்தவர் எண்டு ஒப்புவிச்சாத்தான் ஏலும்.”

“நன்றிகேடு எண்டா?” என்று அண்ணன் ஆர்வமாகக் கேட்டார். “போன் எடுக்காமல் விடுறது, மரியாதை இல்லாமல் கதைக்கிறது, அப்பிடியோ?”

“உயிருக்கு உலை வைக்கிறது, கை நீட்டுறது, அப்பிடியான பாரதூரமான விசயங்கள். போன் எடுக்காததுக்கு ஒரு நீதவானும் வீட்டைத் திருப்பித் தரமாட்டார்.”

“அப்ப முதலாவது மாதிரியே எழுதுங்கோ” என்றார் அண்ணன். “சும்மா ஒரு பாதுகாப்புக்கு.”

நான் எழுந்திருக்கவில்லை, சத்தம் போடவுமில்லை. கையை மடியில் வைத்து அழுத்திக்கொண்டு, “மிஸ், நான் ஏற்கிறன் எண்டு கையெழுத்து வைக்காட்டி?” என்று கேட்டேன்.

“ஏற்காட்டி நன்கொடை செல்லாது.”

“அப்ப ரெண்டாவது மாதிரி எழுதுங்கோ. இல்லாட்டி நான் ஏற்கமாட்டன்.”

அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் உண்மையான வேதனை இருந்தது. தருமம் கொடுக்கப்போன இடத்தில் பிச்சைக்காரி தட்டைச் சரிபார்க்கிறாள் என்ற வேதனை. குழுவில் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது, சின்னம்மா அழுதாகிவிட்டது. இனிப் பின்வாங்க முடியாது. “உன்ட விருப்பம்” என்றார். என்மேல் எனக்கும் கொஞ்சம் அருவருப்பு வந்தது. சுவரும் ஓடும் வேண்டும் என்பதற்காக இந்த மனிதருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வார்த்தைக்கு வார்த்தை பேரம் பேசிக்கொண்டிருந்தேனே.

“நாளைக்குப் பத்து மணிக்கு ரெண்டு சாட்சியைக் கூட்டிக்கொண்டு வாங்க” என்றார் நொத்தாரிசு. “உங்களை எனக்குத் தெரியாது. அதால வாற ரெண்டு பேருக்கும் உங்களைத் தெரிஞ்சிருக்கோணும். தங்கச்சி சாட்சி வைக்க ஏலாது, அவதான் வாங்குறவ.”

“கீழ வாசலில ஆக்கள் நிக்கிறாங்களே, ஆரையும் பிடிச்சா?”

“அவங்களுக்கு உங்களைத் தெரியுமா?”

அண்ணன் அந்தச் சிரிப்பைச் சிரித்தார். “இந்த ஊரில என்னைத் தெரியாதவன் ஆர் இருக்கிறான்?”

இரண்டு பேர். ஒரு ஊரில் இரண்டே இரண்டு பேர். அன்று மத்தியானம் தொடங்கிப் பொழுதுபடும்வரை ஓட்டோவில் சுற்றினோம்.

முதலில் பள்ளிக்கூடத்தில் பக்கத்து வாங்கில் இருந்த சிநேகிதரின் ஹாட்வெயார் கடைக்குப் போனோம். அண்ணன் கையை விரித்துக்கொண்டு உள்ளே போனார். கடைக்காரர் கண்ணாடியை உயர்த்திப் பார்த்து, “ஆர்?” என்றார். அண்ணன் பேரைச் சொன்னார். “ஓ, லண்டனில இருக்கிறவர்” என்றார் அவர். “என்ட மகன் அங்க படிக்க வந்த நேரம் உங்களுக்கு ரெண்டு மூண்டு தரம் மெசேஜ் போட்டவன். நீங்க பிசியா இருந்திருப்பீங்க.” தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். நாளைக்குக் கடையைப் பார்க்க ஆளில்லை என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

அடுத்தவர் அவுஸ்திரேலியாவில் இருந்தார். அதற்கடுத்தவர் செத்து ஆறு வருடம். அவருடைய மனைவி கதவைத் திறந்து அதைச் சொன்னபோது அண்ணன், “ஐயோ, எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே” என்றார். நான் சொல்லியிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, போனைச் சரித்துப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

ஓட்டோவுக்குள் அவர் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. எனக்கு உள்ளுக்குள் சந்தோசமாக இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு கதவும் மூடும்போதும் அந்தச் சந்தோசம் ஒரு மிடறு கூடியது. தம்பலகாமத்துப் பழைய வாத்தியார் ஒருவரைத் தேடிப் பிடிக்கலாம் என்றார். அவர் மகளோடு கொழும்புக்குப் போய்விட்டார் என்றேன். பிறகு அண்ணனே, “உள்ளூர்ச் சனம் எல்லாம் மாறிப்போச்சு” என்றார். மாறியது சனமாம்.

கடைசியில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் திருத்தும், ஊரில் எல்லோரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் மனிதரிடம் நான்தான் கூட்டிப்போனேன். கிண்ணியாவிலிருந்து தினமும் பாலம் தாண்டி வந்து கடை திறப்பவர். அண்ணனுக்கு அவரை ஞாபகம் இல்லை. அவர் ரிம்மைச் சுழற்றுவதை நிறுத்தாமலே அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார்.

“தெரியாம? டியூசனுக்கு ஒண்டாத்தானே போன. என்ட கணக்குக் கொப்பியைப் பார்த்துத்தான் எழுதுவாரு. ஒருநாள் என்ட பிழையையும் பார்த்து எழுதி, டியூசன் சேர் ரெண்டு பேருக்கும் அடிச்ச.”

“ஓ, ஓம், ஓம்” என்று அண்ணன் சிரித்தார். ஞாபகம் வரவில்லை என்பது முகத்தில் எழுதியிருந்தது. ஆனால் நானா வர ஒத்துக்கொண்டார். ஒன்று கிடைத்தது.

இரண்டாவது ஆளாக எதிர்வீட்டு மாமியைக் கேட்கலாம் என்றேன். அண்ணன் பிறந்ததிலிருந்து போகும்வரை பார்த்தவர். அம்மாவுக்குக் கடைசி வருடங்களில், நான் வேலைக்குப் போகும் நேரமெல்லாம், கஞ்சி பருக்கியவர். அண்ணன் வந்த இரண்டு நாளில் அவர் வீட்டுக் கேற்றைத் தாண்டி நாலு தரம் போய்வந்திருந்தார். ஒருதரமும் எட்டிப் பார்க்கவில்லை. மாமி என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: “கையெழுத்து வைச்சா என்னைக் கோர்ட்டுக்கு இழுப்பாங்களோ பிள்ளை?” வழக்கு ஏதும் வந்தால் மட்டும்தான், அதுவும் நடந்ததைச் சொன்னால் போதும் என்று நொத்தாரிசு சொன்னதைச் சொன்னேன். அடுத்தநாள் நல்ல சேலை உடுத்து, அடையாள அட்டையைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்தார்.

பத்து மணிக்கு ஐந்து பேரும் அந்தச் சின்ன அறையில் இருந்தோம். நொத்தாரிசு முதலில் நானாவைக் கேட்டார். நானா கணக்குக் கொப்பிக் கதையை மறுபடியும் சொன்னார். அந்தப் பெண் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். பிறகு மாமியிடம் திரும்பினார்.

“அம்மா, இவரை உங்களுக்குத் தெரியுமா?”

மாமி அண்ணனை நன்றாகப் பார்த்தார். அவசரப்படவில்லை.

“முகம் தாயின்ட முகம்தான்.”

“அதில்லை. இவரைத் தெரியுமா?”

“தாயைத் தெரியும். நல்லாத் தெரியும். இந்தப் பிள்ளையையும் தெரியும்” என்று என்னைக் காட்டினார். “இவரை என்னெண்டு தெரியும் எண்டு சொல்லுறது? நான் கண்டது மீசை அரும்பின பெடியன். இது வேற ஆள்.”

நொத்தாரிசு பேனையை மூடினார். “அப்பிடியெண்டா உங்கட கையெழுத்தை எடுக்க ஏலாது அம்மா.”

அண்ணன் குனிந்து, குழந்தைக்குச் சொல்வதுபோல இழுத்து இழுத்துப் பேசத் தொடங்கினார். “மாமி, உங்கட வளவு மாமரத்தில ஏறி விழுந்து கை முறிச்சனான், ஞாபகம் இல்லையோ?”

“அது தங்கச்சி” என்றார் மாமி. “இந்தா, இவதான். இப்பவும் அந்த முழங்கை கோணல்.”

உண்மைதான். நான் கையைப் பின்னால் எடுத்துக்கொண்டேன்.

“உங்கட வீட்டுக் கிணத்தில வாளியைத் தவறவிட்டது?”

“அது என்ட மகன்.”

அண்ணன் முகம் சிவந்தது. முதல்நாள் அலைச்சல், ஹாட்வெயார் கடைத் தேநீர், செத்துப்போன சிநேகிதர், எல்லாம் சேர்ந்து வந்தது போலும். எழுந்து காலை நிலத்தில் ஓங்கி அடித்தார். “என்ன விசர்க்கதை கதைக்கிறீங்கள்? நான் இவ்வளவு தூரம் வந்து, சும்மா தூக்கிக் குடுக்கிறன், ஒரு கையெழுத்து வைக்க உங்களுக்கு என்ன கேடு!” குரல் கடைசிச் சொல்லில் கீச்சென்று உடைந்தது.

மாமியின் முகம் மெல்ல மலர்ந்தது.

“ஓம் மிஸ்” என்றார். “இவர்தான். இப்ப தெரியுது. கேட்டது கிடைக்காட்டி இப்பிடித்தான் காலை அடிச்சுக் கத்துவார், குரலும் இப்பிடித்தான் போகும். தாய் பாவம், பொத்திப் பொத்தி வைக்கும். இவரை எனக்கு வடிவாத் தெரியும். எழுதுங்கோ.”

நானா தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தார். நொத்தாரிசு பேனையைத் திறந்து, “எத்தனை வருசமா?” என்று கேட்டார். “பிறந்ததிலிருந்து” என்றார் மாமி.

பிறகு உறுதியை வாசித்தார். ஒவ்வொரு வரியாக, எல்லோருக்கும் கேட்கும்படி. எல்லைகள், கிணற்றுப் பங்கு, வழி உரிமை. கொடுப்பவர் தன் சகோதரி மீது கொண்டிருக்கும் இயற்கையான அன்பும் பாசமும் காரணமாக என்ற இடம் வந்தபோது நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் தலையை மெதுவாக ஆட்டிக்கொண்டிருந்தார். தன்னைப் பற்றி யாரோ சரியாக எழுதியிருப்பதாக நம்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் என் பகுதி: மேற்படி நன்கொடையைப் பெறுபவர் நன்றியுடன் ஏற்றுக்கொள்கிறார்.

“இதில ‘நன்றியுடன்’ இல்லாமல் எழுத ஏலாதா மிஸ்?” என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. நிமிர்ந்து பார்க்காமல் அவர் என்ன பதில் சொல்வார் என்று எனக்குத் தெரியும். கையெழுத்து வைத்தேன். என் முழுப்பேர், கோணல் இல்லாமல், நிதானமாக. என் வாழ்க்கையில் அவ்வளவு வெறுப்போடு நான் எந்தக் கடதாசியிலும் கையெழுத்து வைத்ததில்லை; அவ்வளவு கவனமாகவும் வைத்ததில்லை.

வெளியே வந்ததும் அண்ணன் படி இறக்கத்தில் எங்களை நிறுத்தி ஒரு செல்பி எடுத்தார். மாமி படத்துக்குள் வர மறுத்துவிட்டார். நானா கடையைத் திறக்க வேண்டும் என்று சைக்கிளில் ஏறினார். படம் குழுவில் போய்ச் சேர்ந்தபோது அதில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். அவர் கை என் தோளில். நான் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாளில் அவர் போய்விட்டார். காணிப் பதிவகத்தில் பதிந்து உறுதி என் கைக்கு வர மூன்று மாதம் பிடித்தது. மாசி மழைக்கு முன்னால் செய்ய நினைத்த கூரையைச் சித்திரையில்தான் செய்தேன். அண்ணனுடைய பழைய அறையை ஆஸ்பத்திரியில் வேலைசெய்யும் ஒரு தாதிக்கு வாடகைக்குக் கொடுத்தேன். கூரைக்காரர் வேலை முடித்த அன்று மாமியைக் கூப்பிட்டு அறை அறையாகக் காட்டினேன். மாமி, அம்மா கிடந்த அறை வாசலில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, “இனி ஒழுகாது” என்றார்.

அறையை வாடகைக்குக் கொடுத்தது எப்படியோ லண்டனுக்குத் தெரிந்துவிட்டது. ஆறு வாரம் அண்ணன் போன் எடுக்கவில்லை. அந்த ஆறு ஞாயிற்றுக்கிழமையும் வீடு நன்றாக இருந்தது. ஏழாவது ஞாயிறு அவராகவே எடுத்தார். அறையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை; தன் முழங்கால் வலியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். எந்த டொக்டர், என்ன ஊசி, மகன்மார் ஒருவரும் கூட வருவதில்லை, தனியாகப் பஸ்ஸில்தான் போய்வருகிறேன் என்றார். போனைக் குசினி மேசையில் சாய்த்து வைத்துவிட்டு நான் வெங்காயம் வெட்டினேன். இடைக்கிடை “ஓம், ஓம்” என்றேன்.